பழைய லேப்டாப்பில் முதல் வீட்டு சர்வர்: டிஸ்க் வாங்குவதிலிருந்து படத்தை மீட்டுப் பார்ப்பது வரை

எங்கள் அப்பத்தாவின் குரல் பதிவாகியிருந்த ஒரே இடம் தங்கையின் கல்யாண வீடியோதான். அந்த வீடியோ ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில், பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஆறு வருடம் இருந்தது. ஒருநாள் எடுத்து லேப்டாப்பில் சொருகியபோது 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வீடியோ எடுத்தவரிடம் கேட்டோம். அவரிடமும் பழைய கோப்புகள் இல்லை.

வீட்டில் ஒரு சர்வர் வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அதற்கு முன்பே உண்டு. அது எதற்காக என்பது அன்றைக்குத்தான் தெளிவானது. அதனால் இந்த வழிகாட்டியில் சர்வருக்கு ஒரே வேலைதான் கொடுக்கப் போகிறோம். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் அது வைத்திருக்க வேண்டும், வீட்டில் யார் கேட்டாலும் எடுத்துத் தர வேண்டும், ஒரு டிஸ்க் செத்தாலும் அவை பிழைத்திருக்க வேண்டும். சினிமா ஓட்டுவது, விளம்பரங்களைத் தடுப்பது, வீட்டு விளக்கை இயக்குவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே பத்துச் சேவைகளை ஏற்றினால், ஏதோ ஒன்று நின்றுபோகும்போது எது எதைத் தொட்டுக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் முழுவதையும் அழிக்க வேண்டிவரும்.

சர்வர் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற கருவிகள் கேட்டால் பதில் சொல்லும் ஒரு கணினி, அவ்வளவுதான். லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலான வேலையைப் பிரவுசரிலேயே முடிக்கப் போகிறோம்.

எந்தப் பெட்டி?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. முதல் சர்வருக்கு அவற்றில் ஒன்றே போதும். 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், கேபிள் சொருகும் நெட்வொர்க் துளை, யுஎஸ்பி 3 துளை ஆகியவை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். யுஎஸ்பி 3 துளையின் உள்ளே பெரும்பாலும் நீல நிறம் இருக்கும். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, நிறுவும் நேரத்துக்கு மட்டும் டிவியில் இணைத்துக்கொள்ளலாம்.

மேசைக் கணினியை ஏன் சொல்லவில்லை என்றால், மின்சாரம். சும்மா இருக்கும்போது ஒரு லேப்டாப் சுமார் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரம், 60 நாட்களுக்குக் கணக்குப் போட்டால் 21.6 யூனிட். பழைய மேசைக் கணினி 70 வாட் எடுத்தால் அதே 60 நாளில் 100.8 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டையும் அது ஒன்றே தின்றுவிடும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி இன்னும் குறைவாகவே எடுக்கும். ஆனால் அதற்கு அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். வீட்டில் லேப்டாப் இல்லாவிட்டால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

லேப்டாப்பில் இன்னொரு பெரிய நன்மை அதன் பேட்டரி. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் மேசைக் கணினி அணைந்து எழும். லேப்டாப்புக்கு அது தெரியவே தெரியாது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது அணைவதுதான் டிஸ்க்குக்கு மிகப் பெரிய ஆபத்து என்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் பேட்டரியை முதலில் சோதித்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் இருந்தாலோ, அடிப்பக்கம் மேசையில் தட்டையாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள், வீட்டில் நெம்பி எடுக்க முயலாதீர்கள். பேட்டரி நன்றாக இருந்தால், பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் துவங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) சார்ஜ் அளவை 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். வருடம் முழுக்க 100 சதவீதத்தில் நிற்கும் பேட்டரி சீக்கிரம் வீங்கும்.

டிஸ்க் வாங்கும்போது

மூன்று டிஸ்க் வேண்டும். லேப்டாப்புக்குள் இருப்பது இயங்குதளத்துக்கு; பழைய 128 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் அதுவே தாராளம். மற்ற இரண்டும் வெளி டிஸ்க்குகள். ஒன்று தரவுக்கு, இன்னொன்று பேக்அப்புக்கு. இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும், பெரும்பாலான குடும்பங்களுக்கு 2 டிபி பல வருடம் தாங்கும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் இரண்டு 1 டிபி டிஸ்க் வாங்குங்கள். ஒரே 2 டிபி டிஸ்க் வாங்கிவிட்டு, அடுத்தது அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

வெளி டிஸ்க்கில் இரண்டு வகை உண்டு. உள்ளங்கை அளவில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி வயரிலிருந்தே மின்சாரம் கிடைத்துவிடும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். சிறியதையே வாங்குங்கள். கரண்ட் போகும்போது லேப்டாப்பின் பேட்டரியே அந்த டிஸ்க்குக்கும் உயிர் கொடுக்கும். பெரிய டிஸ்க் என்றால் லேப்டாப் விழித்திருக்கும், டிஸ்க் மட்டும் செத்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும்.

நெட்வொர்க்கைச் சரிசெய்யுங்கள்

சர்வரை ரூட்டரோடு கேபிளில்தான் இணைக்க வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். வைஃபையில் நன்றாக ஓடுவது போலத்தான் தெரியும். ஆனால் 40 ஜிபி படத்தை நகலெடுக்கும்போது நடுவில் ஒருமுறை விட்டுவிட்டு வரும், எது ஏறியது எது ஏறவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். கேட்5ஈ அல்லது கேட்6 என்று அச்சிட்ட கேபிள் போதும். கேட்5ஈ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும்.

ரூட்டரின் துளையும் ஜிகாபிட்தானா என்று பாருங்கள். சில மலிவான ரூட்டர்களில் 100 மெகாபிட் துளைதான் இருக்கும். அதில் நொடிக்கு 11 எம்பி அளவுக்குத்தான் போகும், 200 ஜிபி ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். ஜிகாபிட் துளை இருந்து, டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் அதே வேலை அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். நிறையச் சின்னச் சின்னக் கோப்புகளாக இருந்தால் இரண்டுமே இன்னும் மெதுவாகும்.

அடுத்தது முகவரி. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இது நிரந்தரம் இல்லை. இன்று 192.168.1.7 ஆக இருப்பது கரண்ட் போய் வந்த பிறகு 192.168.1.12 ஆகலாம். போனுக்கு அது பிரச்சினை இல்லை, சர்வருக்குப் பெரிய பிரச்சினை. தபால்காரர் தேடி வரும் வீட்டின் கதவு எண் தினமும் மாறக் கூடாது அல்லவா?

இதற்குத் தீர்வு ரூட்டரிலேயே இருக்கிறது. பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பல ரூட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. ரூட்டரின் அடியில் ஒட்டிய காகிதத்திலும் இருக்கும். உள்ளே 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டேட்டிக் லீஸ்' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். அங்கே சர்வரின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் துளைக்கே உரிய அடையாள எண்) ஒரு குறிப்பிட்ட ஐபியோடு கட்டிவிடலாம். நான் 192.168.1.50 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் மூன்று எண்கள் உங்கள் ரூட்டருக்குத் தகுந்தபடி மாறும். லேப்டாப் இன்னும் நெட்வொர்க்கில் இல்லையே என்றால், இயங்குதளம் நிறுவிய பிறகு திரும்பி வந்து இதைச் செய்யுங்கள். மறந்துவிடாதீர்கள்.

ரூட்டருக்கென்று 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விற்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்குவது நல்லது. சர்வர் விழித்திருந்தும் ரூட்டர் தூங்கினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

ஓப்பன்மீடியாவால்ட்டை நிறுவுவது

கோப்புகளைப் பகிர்வதற்கென்றே செய்யப்பட்ட இலவச இயங்குதளங்கள் பல உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது ஓப்பன்மீடியாவால்ட். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, பழைய கணினியிலும் ஓடும், எல்லா அமைப்பும் பிரவுசரில் வரும். ட்ரூநாஸும் அருமையானதுதான். ஆனால் அது 8 ஜிபி ரேம் கேட்கும், யுஎஸ்பி டிஸ்க்குகளோடு அதற்கு ஒத்துப்போகாது. நம் பெட்டிக்கு அது பொருந்தாது.

முதலில் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் வேறெங்காவது நகலெடுத்துவிடுங்கள். நிறுவும்போது உள் டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும். டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்புகள், டவுன்லோட் ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஆகியவற்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் வெளி டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது.

வேறொரு கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் தளத்திலிருந்து 64 பிட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவில் அதை எழுத வேண்டும். கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் வேலை செய்யாது, பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால்தான் எழுத வேண்டும். பிறகு பென்டிரைவை லேப்டாப்பில் சொருகி, கேபிளையும் இணைத்து, ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

நீலத் திரையில் கேள்விகள் வரும். மொழி ஆங்கிலம், நாடு உங்கள் நாடு. சர்வரின் பெயரான ஹோஸ்ட்நேம் கேட்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு சிறு பெயர். டொமைன் கேட்கும் இடத்தில் இருப்பதை அப்படியே விடுங்கள். ரூட் (சர்வரில் எல்லா உரிமையும் உள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். நீளமாக ஒன்றை வைத்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதுவது பாதுகாப்பு இல்லை என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒரு நோட்டை இணையத் திருடன் படிக்க முடியாது, ஆனால் மறந்துபோன பாஸ்வேர்டால் சொந்த சர்வருக்கு வெளியே நின்றவர்கள் நிறையப் பேர்.

பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்து, பென்டிரைவைக் கழற்றச் சொல்லி மறுபடி துவங்கும். கறுப்புத் திரையில் சர்வரின் ஐபி முகவரி தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், ரூட்டாக நுழைந்து 'ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்ட்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டினால் நெட்வொர்க்கைச் சரிசெய்ய ஒரு எளிய பட்டியல் வரும்.

அதே கறுப்புத் திரையில் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்றே ஒன்று. லேப்டாப் மூடியை மூடினால் அது தூங்கிவிடும், சர்வர் தூங்கக் கூடாது. 'எடிசி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிஸ்டம்டி' ஃபோல்டரில் 'லாகின்ட்' என்ற அமைப்புக் கோப்பு இருக்கிறது. 'நானோ' எடிட்டரில் அதைத் திறந்து, 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்று தொடங்கும் வரியின் முன்னால் இருக்கும் # குறியை நீக்கி, மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றிச் சேமியுங்கள். லேப்டாப்பை ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் மூடியைத் திறந்தபடியே, திரை வெளிச்சத்தை முழுதாகக் குறைத்து வைத்துவிடுங்கள். அதுவும் சரிதான்.

உள்ளே போனதும்

வேறு கணினியில் பிரவுசரைத் திறந்து சர்வரின் ஐபியைத் தட்டுங்கள். பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு 'ஓப்பன்மீடியாவால்ட்', இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில். இது உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு என்பதால், உள்ளே போனவுடன் வலது மேல் மூலையில் இருக்கும் பயனர் படத்தைத் தட்டி முதலில் அதை மாற்றுங்கள். பிறகு நேர மண்டலத்தைச் சரிசெய்யுங்கள், இந்தியாவென்றால் 'ஏசியா/கொல்கத்தா'. 'அப்டேட் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போய் இருக்கிற எல்லா அப்டேட்டையும் ஏற்றுங்கள். ரூட்டரில் முகவரியைக் கட்டும் வேலையை விட்டிருந்தால் இப்போது முடித்துவிடுங்கள்.

இங்கே பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எந்த அமைப்பை மாற்றிச் சேமித்தாலும் அது உடனே நடைமுறைக்கு வராது. மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றும், அதில் இருக்கும் டிக் குறியைத் தட்டிய பிறகுதான் மாற்றம் நிஜமாகும். 'எல்லாம் செய்துவிட்டேன், ஆனால் வேலை செய்யவில்லை' என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் கேட்பது இந்த மஞ்சள் பட்டையைத்தான்.

டிஸ்க்கைத் தயார் செய்து பகிர்வது

தரவு டிஸ்க்கை மட்டும் யுஎஸ்பி 3 துளையில் சொருகுங்கள். 'ஸ்டோரேஜ்' பகுதியில் 'டிஸ்க்ஸ்' பட்டியலில் அது தெரிய வேண்டும். புது டிஸ்க் என்று நம்பிவிடாமல், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' பகுதியில் கண்காணிப்பை இயக்கி ஒரு நீண்ட சோதனை ஓட்டுங்கள். 2 டிபி டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். முடிவில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே இருக்கும் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். டிஸ்க்கின் தட்டில் படிக்க முடியாமல் போன இடங்களைச் சொல்லும் எண்கள் அவை. புது டிஸ்க்கிலேயே பூஜ்யம் இல்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் இந்த விவரத்தைக் கடத்தாது, அப்போது இந்தப் பகுதி காலியாகவே இருக்கும்.

அடுத்து 'ஃபைல் சிஸ்டம்ஸ்'. கூட்டல் குறியைத் தட்டி, வகை ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் டிஸ்க் ஃபார்மட்) என்று தேர்ந்தெடுத்து, தரவு டிஸ்க்கைக் காட்டுங்கள். பட்டியலில் டிஸ்க் வரவில்லை என்றால், கடையிலிருந்து வந்த பழைய ஃபார்மட் அதில் இருக்கிறது. 'டிஸ்க்ஸ்' பகுதிக்குத் திரும்பி 'வைப்' கொடுத்தால் வரும். உருவாக்கி, மவுண்ட் செய்து (சர்வர் பயன்படுத்தும்படி இணைத்து), மஞ்சள் பட்டையை ஏற்றுங்கள்.

இப்போது 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' பகுதியில் ஃபோல்டர்களை உருவாக்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துச் செய்யுங்கள், பிறகு மாற்றுவது தொல்லை. எங்கள் வீட்டில் நான்கு இருக்கின்றன. படங்களுக்கு ஒன்று, அதற்குள் வருடம், அதற்குள் நிகழ்ச்சி. பத்திரம், சான்றிதழ், மருத்துவ அறிக்கை போன்ற ஆவணங்களுக்கு ஒன்று. போன்களிலிருந்து தானாக வந்து விழுபவைக்கு ஒன்று. நான்காவது பொது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு எடுக்கலாம். பொது ஃபோல்டர் இல்லாவிட்டால் படங்கள் ஃபோல்டர்தான் பொதுவாகிவிடும்.

'யூசர்ஸ்' பகுதியில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர். எல்லோருக்கும் ஒரே கணக்கு கொடுப்பது சுலபம்தான், ஆனால் எட்டு வயதுப் பையன் ஆவண ஃபோல்டரை அழிக்கும் உரிமையோடு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'பெர்மிஷன்ஸ்' பொத்தானில் யாருக்கு எழுதும் உரிமை, யாருக்குப் படிக்க மட்டும், யாருக்கு அனுமதியே இல்லை என்று குறித்துவிடலாம். அம்மாவுக்குப் படங்கள் ஃபோல்டரில் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் கை பட்டு அழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது, அது போய்விட்டது. இப்போது தைரியமாகத் திறந்து பார்க்கிறார்.

கடைசியாக 'சர்வீசஸ்' பகுதியில் 'எஸ்எம்பி'. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் புரியும் கோப்புப் பகிர்வு மொழி இது. இதை லினக்ஸில் பேசவைப்பது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய வேலை. சேவையை இயக்கி, ஒவ்வொரு ஃபோல்டரையும் பகிர்வில் சேருங்கள். 'பப்ளிக்' என்பதற்கு 'நோ' கொடுங்கள். 'ரீசைக்கிள் பின்' வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். நெட்வொர்க் வழியாக அழிக்கும் கோப்பு விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராக மறைந்துவிடும். இந்த வசதி இருந்தால் சர்வரிலேயே ஒரு மறைவான ஃபோல்டரில் தங்கும்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று தட்டினால் ஃபோல்டர்கள் வரும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்போது சர்வரில் உருவாக்கியதைக் கொடுங்கள், விண்டோஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டை அல்ல. ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலியிலேயே சர்வரை இணைக்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஃபோல்டர்சிங்க் போன்ற செயலியை வைத்து, கேமரா ஃபோல்டரை இரவு சார்ஜில் இருக்கும்போது சர்வருக்கு நகலெடுக்கச் சொல்லிவிடலாம். ஒருவழி நகல் மட்டும் என்று அமையுங்கள். இருவழியாக விட்டால் போனில் இடம் போதவில்லை என்று அழிக்கும் படம் சர்வரிலும் அழிந்துவிடும்.

இரண்டாவது பிரதி

இங்கே வரை வந்தவர்கள் பலர் நிறுத்திவிடுகிறார்கள். படங்கள் சர்வரில் இருக்கின்றன, எல்லோருக்கும் தெரிகின்றன, முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. போனில் இடம் வேண்டும் என்று அங்கே அழித்துவிட்ட நாளிலிருந்து, சர்வரில் இருப்பது மட்டும்தான் உங்கள் ஒரே பிரதி. பீரோவில் இருந்த எங்கள் டிஸ்க்குக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. 24 மணி நேரமும் சுழல்வதால் அதைவிடச் சீக்கிரம்கூடப் போகலாம்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரே தரவை எழுதும் ரெய்டு முறையில் இணைத்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்குமே என்று கேட்பார்கள். டிஸ்க் பழுதாவதற்கு மட்டும்தான் அது மருந்து. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால்தான் பேக்அப் டிஸ்க் சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கக் கூடாது என்கிறேன்.

இதற்கு ஓப்பன்மீடியாவால்ட்டில் 'யுஎஸ்பி பேக்அப்' என்ற பிளக்இன், அதாவது கூடுதலாக ஏற்றும் வசதி, இருக்கிறது. 'பிளக்இன்ஸ்' பகுதியில் தேடி ஏற்றுங்கள். பேக்அப் டிஸ்க்கைச் சொருகி, முன்பு போலவே ஈஎக்ஸ்டி4 ஆக உருவாக்குங்கள். ஆனால் மவுண்ட் செய்யக் கேட்கும்போது ரத்து செய்துவிடுங்கள். பிறகு பிளக்இன் பக்கத்தில் ஒரு வேலையை உருவாக்கி, எந்த ஃபோல்டரிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வேலை. அதன் பிறகு டிஸ்க்கைச் சொருகினாலே நகலெடுப்பு தானாகத் தொடங்கும்.

திசையை இரண்டு முறை படித்துப் பாருங்கள். சர்வரிலிருந்து வெளி டிஸ்க்குக்கு என்று இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் நகலாக முயலும். மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கும் தேர்வு இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். கொஞ்சம் குப்பை சேரும், சேரட்டும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை டிஸ்க்கைச் சொருகுவோம். விளக்கு மின்னுவது நின்று சிறிது நேரம் கழித்துக் கழற்றி மறுபடி பீரோவுக்கு. மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்க் வாங்க முடிந்தபோது அதையும் இதே போல நிரப்பி தங்கை வீட்டில் கொடுத்துவைத்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர். படத்தை இழந்தால் எப்படி இருக்கும் என்பது புகைப்படக்காரருக்குத்தானே தெரியும்.

வெளியூரிலிருந்து பார்க்க

சர்வர் ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை இதுதான். இணையத்தில் தேடினால் ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்யச் சொல்வார்கள், அதாவது இணையத்திலிருந்து சர்வருக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுவது. எஸ்எம்பி பேசும் 445ஆம் எண் வாசலை இணையத்துக்குத் திறந்துவிடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸில் இதே வாசல் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது.

பல வீடுகளில் அதைச் செய்யவும் முடியாது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற ஐபியைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், இணைய இணைப்பு தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவுக்கு நேராக வர வழியே இல்லை.

டெய்ல்ஸ்கேல் இதற்கு நல்ல வழி. வயர்கார்டு என்ற மறைகுறியாக்க முறையை வைத்து உங்கள் சொந்தக் கருவிகளுக்குள் மட்டும் ஒரு தனிப் பாதை போடுகிறது. சொந்த உபயோகத்துக்கு இலவசம், ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். அவர்கள் தளத்தில் லினக்ஸுக்கான ஒற்றை வரிக் கட்டளை இருக்கும். சர்வரில் ரூட்டாக நுழைந்து அதை ஓட்டி, பிறகு 'டெய்ல்ஸ்கேல் அப்' என்று கொடுத்தால் ஒரு இணைய முகவரி வரும். அதைப் பிரவுசரில் திறந்து உங்கள் கணக்கோடு இணையுங்கள். போனிலும் செயலியை ஏற்றி அதே கணக்கில் நுழைந்தால் போதும். இதன் சாவி 180 நாளில் காலாவதியாகும்படி வருகிறது. நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் அந்தக் காலாவதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, நீங்கள் வெளியூரில் இருக்கும் ஒருநாளில் சர்வர் காணாமல் போகும்.

எங்கே வைப்பது

காற்றோட்டமான இடம், தரையிலிருந்து கொஞ்சம் உயரம். மூடிய ஷெல்ஃப் வேண்டாம், மே மாதம் தாங்காது. மெத்தை விரிப்பு மேல் வைக்காதீர்கள், அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும். பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடி வரும் என்பதால், பின்பக்கத்தை அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள்.

மீட்டுப் பார்ப்பது

மூன்று மாதம் இது நிலையாக ஓடிய பிறகு முகங்களைத் தேடித்தரும் இம்மிச், வீடியோ ஓட்டும் ஜெல்லிஃபின் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது நின்றால் வீட்டில் எல்லோருக்கும் இணையம் நின்றது போல இருக்கும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பேக்அப் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சர்வர் இல்லாத இன்னொரு கணினிக்குப் போங்கள். சர்வர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸால் ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கை அப்படியே படிக்க முடியாது. அதனால் ஒரு பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை எழுதி, நிறுவாமல் 'ட்ரை' முறையில் அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். பேக்அப் டிஸ்க்கைச் சொருகினால் கோப்பு மேலாளரில் வரும். அனுமதி இல்லை என்று சொன்னால் கோப்பு மேலாளரை ரூட் உரிமையோடு திறக்க வேண்டும். இந்தத் தடையை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது, பதற்றமான நாளில் அல்ல. ஏதாவது ஐந்து படம், இரண்டு வீடியோ, ஒரு ஆவணத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். வீடியோவை முழுதாக ஓட்டுங்கள். அந்த உபுண்டு பென்டிரைவை பேக்அப் டிஸ்க்கோடு சேர்த்து ஒரே பையில் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டு நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

நாங்கள் இதை ஆயுத பூஜை அன்று செய்கிறோம். சர்வரின் விசிறியில் தூசியைத் துடைத்து, பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஸ்மார்ட் எண்களைப் படித்து, பேக்அப்பிலிருந்து சில கோப்புகளைத் திறந்து ஓட்டிவிட்டு, பிறகுதான் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். போன வருடம் திறந்தது தங்கை மகளின் காதுகுத்து வீடியோ. முழுதாக ஓடியது.